கருவேலங்கன்று வெட்ட எந்த பிரஷ் கட்டர்?

சென்னை லிங்கிச் செட்டித் தெருவில் பிரஷ் கட்டர் (புல், புதர் வெட்டும் கைமிஷின்) என்று கேட்டாலே "எத்தனை சிசி வேணும் சார்?" என்றுதான் ஆரம்பிக்கிறார்கள். 52 சிசி என்று ஸ்டிக்கர் ஒட்டிய, பேர் தெரியாத மிஷின் ஒன்றை மேஜைமேல் தூக்கி வைத்து, "இது மரத்தையே அறுக்கும்" என்றார் ஒரு கடைக்காரர். ஸ்பேர் பார்ட்ஸ் எங்கே கிடைக்கும் என்று கேட்டதும் டீ சொல்லப் போய்விட்டார்.

மதுராந்தகம் பக்கம் எங்கள் நிலத்தில் சீமைக்கருவேலமும் நுணாவும் கட்டைவிரல் பருமனில் மண்டிக் கிடந்தன. இந்த வேலைக்கு சிசியைவிட கைப்பிடியும் பிளேடும்தான் முக்கியம். முதுகில் மாட்டுகிற மாடல் வரப்புப் புல்லுக்கு சரி. அதன் வளையும் ஷாஃப்டை வைத்துக்கொண்டு கன்றை அறுக்க முடியாது, பிளேடு சொன்ன பேச்சு கேட்காது. சைக்கிள் ஹேண்டில் போல இரண்டு கைப்பிடி, நேரான ஷாஃப்ட், இரண்டு தோளிலும் மாட்டுகிற பெல்ட், இவை இருந்தால்தான் காசைக் கொடுங்கள்.

கடைசியில் இரண்டு மிஷின் மிஞ்சின. ஹோண்டா யூஎம்கே 435 நாலு ஸ்ட்ரோக், 35.8 சிசி. பெட்ரோலில் ஆயில் கலக்கும் தொல்லை இல்லை, சத்தமும் காதைக் கிழிக்காது. ஸ்டீல் (Stihl) கம்பெனியின் எஃப்எஸ் 120 இரண்டு ஸ்ட்ரோக், 30.8 சிசி, அந்தக் கம்பெனி ஆயில் என்றால் லிட்டர் பெட்ரோலுக்கு 20 மில்லி. நான் வாங்கியது ஸ்டீல். சிசி குறைவுதான், ஆனால் தோளில் கனம் குறைவு, ஆக்சிலரேட்டரைத் தொட்டதும் சீறுகிறது. வெறும் புல்தான் வேலை என்றால் ஹோண்டாவையே எடுத்திருப்பேன்.

பிளேடு விஷயத்துக்கு வருவோம். நைலான் கயிறு புல்லோடு சரி. மூன்று பல் பிளேடு உண்ணிச்செடிப் புதரை நொறுக்கும். கன்றுத் தண்டில் பட்டால் நாராகக் கிழிக்கும். கன்றுக்கு வட்ட ரம்பம்தான். அதை மாட்டும்போது நைலானுக்கான பிளாஸ்டிக் தடுப்புக் காப்பைக் கழற்றிவிட்டு, ரம்பத்துக்கென்று இருக்கிற காப்பைப் போட வேண்டும். தண்டை அதில் அணைத்து நிறுத்தி, ஃபுல் ஸ்பீடில், பிளேடின் இடது பக்கத்தால் அறுத்தால் வெண்ணெய்தான். வலது முன்பக்கம் பட்டதோ, மிஷின் துள்ளி ஆளையே திருப்பிவிடும். சுற்றி 15 மீட்டருக்குள் யாரும் நிற்கக் கூடாது. கண்ணாடியும் பூட்ஸும் கட்டாயம். கருவேலமுள் ரப்பர் செருப்பைத் துளைத்துக்கொண்டு ஏறும்.

ஒரு குறை உண்டு, அது மிஷினுடையது அல்ல. கருவேலத்தை வெட்டி விட்டால் மழை பெய்ததும் கட்டையைச் சுற்றிக் கொத்தாகத் துளிர்க்கும். அதனால் தரையை ஒட்டி அறுக்காமல், பிடித்து ஆட்ட முழங்கால் உயரம் கட்டையை விட்டுவிடுகிறோம். ஈரம் காய்வதற்குள் கடப்பாரை போட்டு வேரோடு நெம்ப அது வசதி. மணிக்கட்டைவிடப் பெருத்த மரங்களை ஜேசிபிக்கு ஒதுக்கிவிட்டேன்.