காரைக்குடி வளவு வீட்டுச் சுற்றுலா: தலைமுறைகளை அறிய விரும்புவோருக்கு

பழங்காலக் குடும்பங்களைப் பற்றி அறியப் பெரும்பாலும் ஈமத்தாழிகளையும் எலும்புகளையுமே நம்ப வேண்டியிருக்கிறது. இதே சிவகங்கை மாவட்டத்துக் கொந்தகையில் கிடைத்த தாழிகள் அதற்குச் சான்று. இறந்தோரை எரியூட்டும் நகரத்தார் (நாட்டுக்கோட்டைச் செட்டியார்) வீடுகளிலோ அந்த வரலாறு வளவு எனப்படும் நடுமுற்றத்திலும், முன்னோரை வழிபடும் படைப்பிலும் தங்கியிருக்கிறது என்பதை இந்தச் சுற்றுலா அருமையாக விளக்குகிறது.

வளவைச் சுற்றியுள்ள அறைகள் மணமான மகன்களுக்குரியவை என்றும், 'வேறு வைத்த' பின், அதாவது தனிக்குடித்தனம் வைத்த பின், ஒவ்வொருவருக்கும் தனி அடுப்பு அமைந்தாலும் வீட்டின் முன்பகுதியான முகப்பும் கூடமான பட்டாலையும் பொதுவாகவே இருந்தன என்றும், மணமானவர் கோயில் கணக்கில் தனிப் 'புள்ளி'யாகிறார், அதாவது தனிக் குடும்பமாக எண்ணப்படுகிறார் என்றும் வழிகாட்டிய ஆச்சி பொறுமையாகச் சொன்னார். முன்னோருக்குப் புதுப் புடவையும் வேட்டியும் வைத்துப் படைக்கும் முறையை அவர் விவரித்த விதம் மனத்தைத் தொட்டது. படைத்த துணிகளை வைக்கும் பின்னல் பெட்டியான படைப்புப் பேழையை வெளியிலிருந்தே காட்டினார். திறக்கவில்லை, அதுவே முறையும்கூட. மூடியின் ஓரப் பின்னல், பல கைகள் பட்டுப் பட்டு மழமழப்பாகியிருந்தது.

குறை ஒன்று உண்டு. வளவுக்குப் பின்னால், பெண்கள் அதிகம் புழங்கிய இரண்டாங்கட்டுக்கு மிகக் குறைந்த நேரமே ஒதுக்குகிறார்கள்; குடும்பம் உண்மையில் நடந்த இடம் அதுதான். கட்டணம் நியாயமானது. வீட்டில் படைப்பு நடக்கும் நாளா என்று முன்கூட்டியே கேட்டுக்கொண்டு செல்லுங்கள்.