ஜூபி லீயைப் பார்க்கவே ஒரு நடை போகலாம்

சிங்கப்பூரின் லீ கோங் சியான் இயற்கை வரலாற்று அரும்பொருளகம் என்றாலே எல்லாரும் டைனோசரைத்தான் சொல்வார்கள். அமெரிக்காவின் வயோமிங்கில் தோண்டியெடுத்த மூன்று எலும்புக்கூடுகளும் பிரமாண்டம்தான், சரி. ஆனால் காசு கொடுத்துப் போங்கள் என்று நான் சொல்வது திமிங்கிலத்துக்காக.

2015 ஜூலையில் ஜூரோங் தீவு அருகே செத்து மிதந்த பெண் ஸ்பெர்ம் திமிங்கிலம் அது. நீளம் 10.6 மீட்டர். நாடு பொன்விழா, அதாவது கோல்டன் ஜூபிலி, கொண்டாடிய ஆண்டு என்பதால் ஜூபி லீ என்று பெயர் வைத்தார்கள். அந்தத் தீவில்தான் எனக்கு வேலை. "இது நல்லதுக்கில்ல தம்பி" என்றார் கூட வேலை பார்க்கும் தூத்துக்குடி அண்ணன். 2016 ஜனவரியில் அவர் ஊர்ப்பக்கம் மணப்பாட்டில் 80க்கும் மேற்பட்ட திமிங்கிலங்கள் கரை ஒதுங்கியதும், சுனாமி வரப்போகிறது என்றே முடிவுகட்டிவிட்டார். 2004ஐப் பார்த்த கடற்கரைக்காரருக்கு அந்தப் பயம் வராமல் இருக்குமா?

அவரையே கூட்டிக்கொண்டு போனேன். ஆழத்துக்குப் பாய்கிற மாதிரி எலும்புக்கூட்டைத் தொங்கவிட்டிருக்கிறார்கள். அண்ணன் துடுப்புக்கு நேராகப் போய் நின்றுவிட்டார். உள்ளே ஐந்து விரல்கள், கணு கணுவாக. தன் கையை விரித்துப் பக்கத்தில் பிடித்துப் பார்த்தார். தரையில் நடந்த விலங்கின் வழிவந்தது இது, மீனே இல்லை என்று சொல்ல எனக்கு வேலையே வைக்கவில்லை அந்த எலும்பு.

அதன் வயிற்றில் கணவாய் (ஸ்க்விட்) அலகுகளோடு பிளாஸ்டிக் குவளையும் பொட்டல உறைகளும் கிடந்தன. உடம்பில் பெரிய காயம். கப்பல் மோதியிருக்கலாம் என்கிறார்கள் ஆய்வாளர்கள். அறிகுறி என்று அண்ணன் பயந்தாரே, அதன் சாவுக்குக் காரணம் இப்படி நம் பக்கம்தான் கை காட்டுகிறது. மணப்பாட்டில் ஒதுங்கியவை வேறு இனம். கூட்டத்தை விட்டுப் பிரியாது. ஒன்று தடம் மாறினால் மற்றவையும் பின்னாலேயே வந்து சிக்கும். 1973லும் தூத்துக்குடிக் கரையில் 147 ஒதுங்கின, சுனாமி வரவில்லை. அதைச் சொன்னதும் அண்ணன் கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, "அப்போ எங்க அப்பா பார்த்திருப்பாரு, கேக்கணும்" என்றார்.

மற்ற கூடங்களை அவசரமாகப் பார்த்தாலும் பரவாயில்லை, இங்கே நின்று நிதானமாகப் பாருங்கள். திங்கட்கிழமை விடுமுறை. கிளமெண்டியிலிருந்து 96ஆம் எண் பேருந்து போகும். ஊரிலிருந்து அப்பா அம்மா வந்திருந்தால் கட்டாயம் கூட்டிப் போங்கள்.