அனோடேஷன் இட்ட ஃபீல்டுகளுக்குக் காவலாக ஆஸ்பெக்ட்ஜே: ஓராண்டுப் பயன்பாட்டுக்குப் பின் ஒரு மதிப்பீடு

ஜாவாவில் ஒரு ஃபீல்டின் (கிளாஸுக்குள் மதிப்பைச் சேமிக்கும் மாறியின்) தலைமேல் அனோடேஷன் என்ற குறிச்சீட்டு ஒன்றை இட்டுவிட்டு, அதில் புதிய மதிப்பு எழுதப்படும் கணத்தில் நம்முடைய நிரல் குறுக்கே வர வேண்டும் என்று விரும்புகிறவர்கள் பெரும்பாலும் முதலில் ஸ்பிரிங் ஏஓபியைத்தான் எடுத்துப் பார்ப்பார்கள். நானும் அங்கேதான் தொடங்கினேன். ப்ராக்ஸியை, அதாவது அசல் ஆப்ஜெக்டுக்கு முன்னால் நிற்கும் இடையாளை, நம்பி இயங்கும் அந்த ஏற்பாடு மெத்தட் அழைப்புகளை மட்டுமே இடைமறிக்கும். ஃபீல்டில் மதிப்பு எழுதப்படுவது அதன் பார்வைக்கே வராது. அதன் பிறகுதான், கிளாஸ்களுக்குள் நம் நிரலைப் பின்னிச் சேர்க்கும் கருவியான ஆஸ்பெக்ட்ஜேவுக்கு வந்தேன். பதிவுகளில் எந்த விவரம் எதிலிருந்து எதற்கு மாறியது என்ற வரலாற்றைச் சேமிக்கும் வேலைக்கு இதை ஓராண்டுக்கும் மேலாகப் பயன்படுத்தி வருகிறேன்.

ஜெராக்ஸ் பார்க் ஆய்வகத்தில் கிரெகர் கிக்சாலஸ் தலைமையிலான குழு உருவாக்கிய இந்தக் கருவி 2002 டிசம்பரில் எக்லிப்ஸுக்கு மாறியது. அனோடேஷன்களைப் புரிந்துகொள்ளும் திறன் 2005இல் வெளிவந்த ஐந்தாம் பதிப்பில் சேர்ந்தது. நமக்கு வேண்டிய வேலையை இன்றும் ஒரே வரியில் சொல்லிவிட முடிகிறது: செட்(@கண்காணி * *.*) && டார்கெட்(பொருள்) && ஆர்க்ஸ்(புதியது). ‘கண்காணி’ என்ற அனோடேஷன் உள்ள எந்த ஃபீல்டில் எழுதப்பட்டாலும் பிடி, எழுதப்படும் ஆப்ஜெக்டையும் எழுதப்படப் போகும் மதிப்பையும் என்னிடம் கொடு என்பதே இதன் பொருள். அப்படிப் பிடிபடும்போது ஓடும் நம் நிரலுக்கு அட்வைஸ் என்று பெயர். அசல் செயலைச் சுற்றி நிற்கும் அரவுண்ட் அட்வைஸ் எழுதினால் அந்த மதிப்பைத் திருத்தி, அசல் செயலைத் தொடரச் செய்யும் ப்ரொசீடுக்கு அனுப்பலாம். ப்ரொசீடை அழைக்காமல் விட்டால் எழுதுவதே நடக்காது. முன்னும் பின்னும் வெற்றிடம் ஒட்டிக்கொண்டு வரும் சரங்களைச் சுத்தம் செய்ய நூற்றுக்கணக்கான செட்டர்களை (ஃபீல்டில் மதிப்பு எழுதும் மெத்தட்களை) தொட வேண்டியிருந்த இடத்தில், ஆறு வரி அட்வைஸ் ஒன்று அந்த வேலையை முடித்துவிட்டது.

பழைய மதிப்பு மட்டும் தானாகக் கிடைக்காது. ஜாயின் பாயின்டின் (அட்வைஸ் குறுக்கே வரும் இடத்தின்) சிக்னேச்சரை ஃபீல்டு சிக்னேச்சராக மாற்றி, அதிலிருந்து ஃபீல்டைப் பெற்று, எழுதுவதற்கு முன்பே ரிஃப்ளெக்ஷன் (நிரல் ஓடும்போதே ஃபீல்டுகளை அணுகும் ஜாவா வசதி) மூலம் படித்து வைத்துக்கொள்ள வேண்டும். இதற்கு, அந்த இடத்தின் விவரங்களைத் தரும் திஸ்ஜாயின்பாயின்டைத் தொடாமல் அதன் ஸ்டாட்டிக் பார்ட்டைப் பயன்படுத்துவது நல்லது. முன்னது ஒவ்வொரு முறையும் புதிய ஆப்ஜெக்ட் ஒன்றை உருவாக்கும், பின்னது ஒரே ஒரு முறைதான் உருவாகும். டார்கெட் என்ற நிபந்தனையைச் சேர்த்தவுடன் ஸ்டாட்டிக் ஃபீல்டுகள் சத்தமில்லாமல் விலகிவிடும் என்பதையும் நினைவில் வைக்க வேண்டும். அவற்றுக்கு டார்கெட் என்று எதுவும் இல்லை.

இந்தக் கருவியைப் பற்றி நான் அழுத்திச் சொல்ல விரும்புவது, அது ஃபீல்டைக் காவல் காப்பதில்லை, ஃபீல்டில் எழுதும் பைட்கோடு (கம்பைல் ஆன நிரல்) கட்டளையைத்தான் காவல் காக்கிறது என்பதே. அட்வைஸ் சென்று அமர்வது ஃபீல்டை அறிவித்த கிளாஸில் அல்ல, அதில் எழுதுகிற கிளாஸில். பிரைவேட் ஃபீல்டு என்றால் இரண்டும் பெரும்பாலும் ஒன்றே, ஆகவே வேறுபாடு தெரியாது. பப்ளிக் ஃபீல்டு ஒன்றில் வீவ் செய்யப்படாத (அட்வைஸ் பின்னப்படாத) நூலகம் எழுதினால் அட்வைஸ் ஓடாது. ரிஃப்ளெக்ஷன் வழியாக எழுதினாலும் ஓடாது. பட்டியல் ஒன்றை வைத்திருக்கும் ஃபீல்டுக்கு அனோடேஷன் இட்டால், வேறொரு பட்டியலை அதில் வைக்கும்போது பிடிபடும். இருக்கும் பட்டியலில் உறுப்பைச் சேர்த்தால் பிடிபடாது. அர்ரே ஒன்றின் மூன்றாவது இடத்தில் எழுதுவதும் அப்படியே. கம்பைல் நேரத்திலேயே மதிப்பு தெரிந்துவிடும் ஸ்டாட்டிக் ஃபைனல் மாறிலிகளும் கணக்கில் வராது.

இவற்றில் ரிஃப்ளெக்ஷன் பற்றிய வரம்பு எனக்கு நன்மையாகவே அமைந்தது. தரவுத்தளத்திலிருந்து பதிவைப் படித்து ரிஃப்ளெக்ஷன் கொண்டு ஆப்ஜெக்டை நிரப்பும்போது அட்வைஸ் ஓடியிருந்தால், யாரும் எதையும் மாற்றாமலேயே மாற்ற வரலாறு பொய்யான வரிகளால் நிறைந்திருக்கும். ஆனால் உள்ளே வரும் மதிப்புகளைச் சரிபார்க்க இதை நம்பியிருப்பவருக்கு அதே வரம்பு பெரிய ஓட்டையாகிவிடும்; வெளியிலிருந்து வரும் தரவு செட்டர் வழியாக நிரப்பப்படுகிறதா, நேரே ஃபீல்டிலேயே நிரப்பப்படுகிறதா என்பதைப் பொறுத்துச் சரிபார்ப்பு நடக்கும் அல்லது நடக்காமல் போகும்.

தொடக்கத்தில் நான் செய்த தவறு ஒன்றைச் சொல்கிறேன். அட்வைஸுக்குள்ளிருந்தே ‘கடைசியாக மாறிய நேரம்’ என்ற ஃபீல்டில் எழுதினேன். அதற்கும் அதே அனோடேஷன் இருந்தது. அட்வைஸ் தன்னையே மீண்டும் மீண்டும் அழைத்து, முதல் ஓட்டத்திலேயே ஸ்டாக் (அழைப்புகளுக்கான நினைவகம்) நிரம்பி வழிந்தது. பாயின்ட்கட்டில், அதாவது மேலே கண்ட அந்த ஒரு வரியில், அட்வைஸ் இருக்கும் ஆஸ்பெக்ட் கிளாஸை விதின் என்ற நிபந்தனை கொண்டு விலக்கியதும் சரியானது என்று எண்ணினேன். பிறகு அந்த நேரடி எழுத்தைச் செட்டர் அழைப்பாக மாற்றியபோது அதே தவறு திரும்பி வந்தது. இப்போது எழுதும் கட்டளை ஆஸ்பெக்டில் இல்லை, செட்டர் இருக்கும் கிளாஸில் இருக்கிறது. விதின் அதை விலக்காது. அட்வைஸ் ஓடிக்கொண்டிருக்கும் நேரம் முழுவதையும், அதற்குள் நடக்கும் அழைப்புகளோடு சேர்த்து, சிஃப்ளோ என்ற நிபந்தனை கொண்டு விலக்கிய பிறகே பிரச்சினை தீர்ந்தது.

கன்ஸ்ட்ரக்டரிலும் கவனம் தேவை. அறிவிப்பிலேயே தொடக்க மதிப்பு கொடுத்த ஃபீல்டும் கன்ஸ்ட்ரக்டருக்குள் எழுதப்படுவதால் அட்வைஸ் அங்கேயும் ஓடும். அந்நேரத்தில் ஆப்ஜெக்டின் மற்ற ஃபீல்டுகள் இன்னும் மதிப்பு எதுவும் இல்லாமல் (null) இருக்கலாம்; அடையாள எண்ணை எடுத்துப் பதிவு செய்ய முயன்றால் வெறுமைதான் கிடைக்கும்.

அட்வைஸைப் பின்னும் வேலையான வீவிங்கைக் கம்பைல் செய்யும்போதோ, கம்பைல் ஆன கிளாஸ்களின் மீதோ, ஜாவா ஏஜென்ட் மூலம் கிளாஸ் ஏற்றப்படும்போதோ செய்யலாம். செட்டர் போன்றவற்றைத் தானாக உருவாக்கித் தரும் லாம்போக் பயன்படுத்தும் குழுக்களுக்கு இரண்டாவது வழியே பொருந்தும். ஆஸ்பெக்ட்ஜேவின் கம்பைலர் லாம்போக்குடன் ஒத்துப்போவதில்லை, ஆனால் லாம்போக் உருவாக்கிய செட்டர்கள் பைட்கோடாக வந்த பிறகு வழக்கம்போல் பிடிபடும். ஏஜென்ட் வழி சோதனைக்கு வசதியானது. ஆனால் அந்த ஒரு தொடக்க அளவுருவை யாராவது மறந்துவிட்டால் காவல் முழுவதும் எந்தப் பிழைச்செய்தியும் இன்றி நின்றுபோகும், ஆகையால் உண்மையான பயன்பாட்டில் அதை நான் விரும்புவதில்லை.

டாட்நெட் பக்கம் இருப்பவர்களுக்கு போஸ்ட்ஷார்ப் இதே வேலையை வேறு விதமாகச் செய்கிறது: ஃபீல்டையே ப்ராபர்ட்டியாக மாற்றிவிட்டு, தற்போதைய மதிப்பைக் கேட்டுப் பெறவும் வழி தருகிறது. பழைய மதிப்புக்காக ரிஃப்ளெக்ஷனுடன் போராடிய எனக்கு அது பொறாமையூட்டும் வசதி.

ஆஸ்பெக்ட்ஜேவை நான் தயக்கமின்றிப் பரிந்துரைக்கிறேன். முதல் நாளிலேயே ஷோவீவ்இன்ஃபோ அமைப்பை இயக்கிவிட வேண்டும் என்பது மட்டும் என் வேண்டுகோள். அட்வைஸ் அமர்ந்த ஒவ்வோர் இடத்தையும் கிளாஸ் பெயரும் வரி எண்ணுமாக அது அச்சிடும். அந்தப் பட்டியலை அனோடேஷன் இட்ட ஃபீல்டுகளின் பட்டியலோடு ஒப்பிட்டபோதுதான், எங்கள் தொகுப்பில் ஒரு மாட்யூல் முழுவதும் வீவ் ஆகாமலே இருந்தது எனக்குத் தெரிய வந்தது.