தொப்பூர் முதலுதவி வகுப்பு: சாலையோரக் கடைக்காரர்கள் அவசியம் போகலாம்

தருமபுரி-சேலம் நெடுஞ்சாலையில் இருக்கும் தொப்பூர் கணவாய்க்குப் பக்கத்து ஊர்க்காரர்கள் சேர்ந்து சமுதாயக் கூடத்தில் நடத்துகிற விபத்து முதலுதவி வகுப்புக்குப் போய் வந்தேன். கட்டணம் கிடையாது. நெடுஞ்சாலை ஓரத்தில் டீக்கடை, பஞ்சர் கடை, இளநீர்க் கடை வைத்திருப்பவர்களைத்தான் முக்கியமாகக் கூப்பிடுகிறார்கள். நான் டீக்கடை நடத்துகிறேன். கணவாயில் லாரி மோதினால் போலீசும் ஆம்புலன்சும் வரும்வரை அடிபட்டவர் பக்கத்தில் இருப்பது எங்களைப் போன்றவர்கள்தான். ஆளைச் சரியாகத் தேர்ந்தெடுத்திருக்கிறார்கள்.

எனக்கு ரொம்பப் பிரயோஜனமாக இருந்தது, 108-க்கு இடம் சொல்லக் கற்றுக்கொடுத்த பகுதி. 'தொப்பூர் இறக்கத்துல ஆக்சிடென்ட்' என்றால் போதாது. சேலம் போகிற பக்கமா, தருமபுரி போகிற பக்கமா என்பதை முதலில் சொல்ல வேண்டும். இல்லாவிட்டால் வண்டி எதிர்ப்பக்கம் வந்து நின்றுவிடும். நடுவில் தடுப்பு இருப்பதால் சுற்றிக்கொண்டுதான் வர முடியும். அப்புறம் பக்கத்தில் இருக்கும் கிலோமீட்டர் கல்லின் எண், இரட்டைப் பாலத்துக்கு மேலேயா கீழேயா, எத்தனை பேருக்கு அடி, யாராவது உள்ளே சிக்கியிருக்கிறார்களா. ஒவ்வொருவரையும் எழுப்பி, அவரவர் கடை வாசலில் நின்று பேசுவதுபோலப் பேச வைத்தார்கள். தங்கள் கடைக்குப் பக்கத்துக் கல்லில் என்ன எண் இருக்கிறதென்று பலருக்குத் தெரியவில்லை. இந்த ஒன்றுக்காகவே வகுப்புக்குப் போகலாம்.

ரத்தம் வழிந்தால் சுத்தமான துணியை வைத்து அழுத்திப் பிடிக்க வேண்டும். துணி நனைந்தால் அதை எடுக்காமல் மேலேயே இன்னொரு துணி. காயத்தில் காப்பித்தூள் அப்பக் கூடாது. மயங்கிக் கிடப்பவருக்குத் தண்ணீர், சோடா எதுவும் புகட்டக் கூடாது, மூச்சுக்குழாயில் இறங்கிவிடும். தீப்பிடிக்கும் ஆபத்து மாதிரி எதுவும் இல்லையென்றால் கையைக் காலைப் பிடித்துத் தூக்கவும் கூடாது, கழுத்தெலும்பில் அடி இருக்கலாம். சொல்லிக்கொடுத்த நர்சம்மா அவசரப்படாமல், ஏன் கூடாது என்பதையும் சேர்த்தே சொன்னார்.

'கேஸ், கோர்ட்டுன்னு அலைய விடுவாங்களே' என்று ஒரு பெரியவர் கேட்டார். எல்லோர் மனதிலும் இருந்த கேள்வி அது. மோட்டார் வாகனச் சட்டத்தில் 2019-ல் சேர்த்த 134ஏ பிரிவு, நல்லெண்ணத்தோடு உதவி செய்பவரைப் பாதுகாக்கிறது, பெயர் சொல்லச் சொல்லிக் கட்டாயப்படுத்த முடியாது என்று விளக்கினார்கள். 2021 டிசம்பரில் தொடங்கிய 'நம்மைக் காக்கும் 48' திட்டத்தையும் சொன்னார்கள். அடிபட்டவர் வெளிமாநிலத்து டிரைவராக இருந்தாலும் திட்டத்தில் சேர்ந்த ஆஸ்பத்திரிகளில் முதல் 48 மணி நேரச் சிகிச்சைக்கு அரசே பணம் தருகிறது. நம் ரோட்டில் ஓடும் லாரிகளில் பாதி வெளிமாநில நம்பர்தானே.

குறையும் இருக்கிறது. நெஞ்சை அழுத்திப் பழக ஒரே ஒரு பொம்மை. நெஞ்சின் நடுவில், ஐந்து சென்டிமீட்டர் ஆழத்துக்கு, நிமிடத்துக்கு 100 முதல் 120 தடவை அழுத்த வேண்டுமாம். கேட்டால் மட்டும் கை பழகிவிடாது. பின்வரிசையில் இருந்த பெண்கள் பலர் பொம்மையைத் தொடாமலே வீட்டுக்குப் போனார்கள். இதை நடத்துபவர்கள் கவனிக்க வேண்டும்.

அதைவிடப் பெரிய குறை, லாரி ஓட்டுநர்கள் ஒருவரும் வரவில்லை. டீசல் மிச்சமாகும் என்று இறக்கத்தில் நியூட்ரலில் விடும் பழக்கம் இன்னும் போகவில்லை. எஞ்சின் பிடிமானம் இல்லாமல் முழுப் பாரமும் பிரேக் மேல் விழுகிறது, டிரம் சூடேறி ஒரு கட்டத்தில் பிரேக் பிடிப்பதே இல்லை. லைனிங் கருகுகிற வாடை எங்கள் கடைவரை வரும். வந்தாலே வயிறு கலங்கும். 2020 டிசம்பரில் சிமென்ட் லாரி ஒன்று வரிசையாக வண்டிகள் மேல் மோதி 4 பேர் இறந்தது இதே இறக்கத்தில்தான். 2024 ஜனவரியில் பாலத்தின் மேலே மறுபடியும் உயிர்கள் போயின. இந்த இறக்கத்துக்காகத் திட்டமிட்டிருக்கும் உயர்மட்டச் சாலை வரட்டும், நல்லதுதான். அதுவரைக்கும் இறக்கம் தொடங்குவதற்கு முன்னால் லாரிகள் நிற்கிற இடத்திலேயே இந்த வகுப்பை நடத்துங்கள். கன்னடம், இந்தி தெரிந்த ஒருவர் கூட இருந்தால் போதும். டீ என் கடையிலிருந்து தருகிறேன் என்று சொல்லிவிட்டு வந்திருக்கிறேன்.

போகிறவர்கள் கடையில் வேலை செய்பவர்களையும் கூட்டிக்கொண்டு போங்கள், ராத்திரியில் கடையில் இருப்பது அவர்கள்தான். சீக்கிரம் போய் முன்வரிசையில் உட்கார்ந்தால் பொம்மையில் பழக இடம் கிடைக்கும்.