போத்தல் தண்ணீருக்குக் கட்டுப்பாடு: வன்னிக்கு எந்த வழி பொருந்தும்?

ஏ9 வீதியில் எந்தக் கடையில் இறங்கினாலும் ஒரு லீற்றர் தண்ணீர்ப் போத்தலின் உச்ச விலையைச் சொல்ல ஒரு வர்த்தமானி இருக்கிறது. 2025 ஏப்ரலில் நுகர்வோர் அலுவல்கள் அதிகார சபை அதை 100 ரூபா என்று வைத்தது. போத்தலுக்குள் இருப்பது குடிக்கக்கூடியதா என்று பார்க்க 1980ஆம் ஆண்டின் உணவுச் சட்டம் இருக்கிறது, போத்தல் தண்ணீருக்கான எஸ்.எல்.எஸ். 894 என்ற இலங்கைத் தரநிலை இருக்கிறது. சரி, அந்தத் தண்ணீர் எந்தக் கிணற்றிலிருந்து, எந்த மாதத்தில், எவ்வளவு எடுக்கப்பட்டது? இதைக் கேட்டுக்கொண்டு கந்தோர் கந்தோராகப் போனால் கடைசியில் கிணற்றுச் சொந்தக்காரனிடமே வந்து நிற்போம்.

இதைச் சீர்செய்ய உலகத்தில் பலரும் பல வழி பார்த்திருக்கிறார்கள். முழுத்தடை, லீற்றருக்குக் கட்டணம், மத்திய அனுமதிப்பத்திரம், ஊர்ச்சபையின் சம்மதம், இறைக்கும் அளவை நீர்மட்டத்தோடு கட்டிப்போடுவது என்று ஐந்தாகப் பிரிக்கலாம். வன்னி நிலத்தில் வைத்துப் பார்க்கும்போது இவை ஒரே எடையில் நிற்கவில்லை.

முதலில் கணக்கு. உணர்ச்சியில் பேசுகிறவர்கள் இதைத் தாண்டிப் போய்விடுகிறார்கள். ஒரு சிறிய ஆலை நாளுக்கு 10,000 லீற்றர் விற்கிறது என்று வைப்போம். தண்ணீரை மென்சவ்வு வழியாக அழுத்திச் சுத்தம் செய்யும் ஆர்.ஓ. வடிகட்டியில் கழிவாகப் போவதும் கிட்டத்தட்ட அதேயளவு என்றால், கிணற்றிலிருந்து எடுப்பது 20,000 லீற்றர். வருடத்துக்கு 73 இலட்சம் லீற்றர். பயங்கரமாகத்தான் கேட்கிறது. ஆனால் ஓர் ஏக்கர் அடி தண்ணீர் என்பது 12 இலட்சத்து 33 ஆயிரம் லீற்றர். சிறுபோக நெல்லுக்கு ஏக்கருக்கு நாலு ஏக்கர் அடி போகிறது என்று வைத்தால், அந்த ஆலை வருடம் முழுக்க எடுப்பது ஒன்றரை ஏக்கர் வயலின் தண்ணீர். கிளிநொச்சியின் இரணைமடுக் குளத்தின் கொள்ளளவு ஓர் இலட்சம் ஏக்கர் அடிக்கு மேல். அதன் பக்கத்தில் வைத்தால் இது கண்ணுக்கே தெரியாது.

அப்படியென்றால் எதற்குக் கட்டுப்பாடு? வயலுக்குப் பாய்ச்சிய தண்ணீரில் ஒரு பங்கு கீழே இறங்கிப் பக்கத்துக் கிணற்றுக்கே திரும்பி வரும். போத்தலில் போனது கொழும்புக்கோ யாழ்ப்பாணத்துக்கோ போனதுதான். வயல் போகத்துக்குப் போகம் ஓய்வெடுக்கும். ஆலை ஆவணியிலும் இறைக்கும். அதுவும் ஒரே புள்ளியில், ஆழத்திலிருந்து, இரவும் பகலும். பாதிக்கப்படுவது மாவட்டம் அல்ல. வேலிக்கு அப்பால் இருபத்தைந்து அடிக் கிணறு வைத்திருக்கிற நாலைந்து வீடுகள்தான்.

நிலமும் ஒரே மாதிரி இல்லை. வவுனியா, நெடுங்கேணி, மாங்குளம் பக்கம் அடியில் பழைய கடும்பாறை. மேலே சில மீற்றர் உக்கிய பாறையும் மண்ணும், கீழே வெடிப்புகளில் கொஞ்சம் தண்ணீர், அவ்வளவுதான். இங்கே கிணற்றில் இருப்பது பெரும்பாலும் குளத்திலிருந்து கசிந்த தண்ணீர். குளம் வற்றினால் கிணறும் இறங்கும் என்பது அங்கே சின்னப் பிள்ளைக்கும் தெரியும். மேற்கே முருங்கன், முழங்காவில், பூநகரிப் பக்கம் படிவுப்பாறை. சுண்ணக்கல்லுக்குள் நல்ல நீர்த்தேக்கம் உண்டு. மன்னார் நகரத்துக்குக் குழாயில் வருவதே முருங்கன் கிணறுகளின் தண்ணீர்தான். மூன்றாவது கரையோர மணல். மன்னார்த் தீவிலும் முல்லைத்தீவுக் கரையிலும் நல்ல தண்ணீர் உப்புத் தண்ணீருக்கு மேல் மிதந்துகொண்டிருக்கிறது. கடல் மட்டத்துக்கு மேலே ஓர் அடி நன்னீர் நின்றால் கீழே ஏறக்குறைய நாற்பது அடி நன்னீர் இருக்கும் என்பது பழைய நீரியல் கணக்கு. இறைத்து மேலே ஓர் அடியைக் குறைத்தால், காலப்போக்கில் கீழிருந்து உப்பு எவ்வளவு ஏறும் என்பதையும் அதே கணக்கே சொல்லிவிடும்.

தடை, கட்டணம்

முழுத்தடை கேட்க நன்றாக இருக்கிறது. மணல் கரைக்கு அது சரியும்கூட. அங்கே வணிகக் குழாய்க்கிணறு ஒன்றுகூட வேண்டாம் என்பதில் எனக்கு இரண்டாம் கருத்து இல்லை. ஆனால் வன்னி முழுவதற்கும் தடை என்றால், வவுனியா, முல்லைத்தீவு மாவட்டங்களில் சிறுநீரக நோய்க்குப் பயந்து சொந்தக் கிணற்றை விட்டுவிட்டு வடிகட்டிய தண்ணீரைக் காசு கொடுத்து வாங்குகிற குடும்பங்கள் என்ன செய்யும்? தண்ணீர் வேறு மாவட்டத்திலிருந்து லொறியில் வரும். விலையும் கூடும். வேறு ஓர் ஊரின் கிணறு இறங்கும்.

கட்டணத்துக்குக் கனடாவின் ஒன்ராறியோ மாகாணம் நல்ல உதாரணம். போத்தல் கம்பனிகளுக்குப் பத்து இலட்சம் லீற்றருக்கு 3 டொலர் 71 சதமாக இருந்த கட்டணத்தை 2017 ஓகஸ்டில் 503 டொலர் 71 சதமாக உயர்த்தினார்கள். நூற்று முப்பது மடங்குக்கு மேல். பெரிய வெற்றி என்று கொண்டாடியவர்களும் உண்டு. வகுத்துப் பார்த்தால் லீற்றருக்கு ஒரு சதத்தின் இருபதில் ஒரு பங்கு. கடையில் ஒரு டொலருக்கு மேல் விற்கிறவனுக்கு இது மூடிக்கு அடிக்கிற நிறத்தின் செலவுகூட இல்லை. கட்டணம் வேண்டியதுதான். அளக்கிற ஆளுக்குச் சம்பளம் அதிலிருந்து வரலாம். ஆனால் அது இறைப்பைக் குறைக்கும் என்று யாரும் நம்ப வேண்டாம். குறைக்கிற அளவுக்குக் கூட்டினால் அந்தக் கூடுதல் செலவு தண்ணீர்க் கான் வாங்குகிற குடும்பத்தின் தலையில்தான் விழும்.

நம் நாட்டில் கட்டணப் பேச்சுக்கு இன்னொரு வில்லங்கமும் இருக்கிறது. 2000ஆம் ஆண்டளவில் நீர்வளக் கொள்கை வந்தபோது, தண்ணீருக்கு வரி போடப் போகிறார்கள் என்று கமக்காரர்கள் நாடு முழுக்கக் கிளம்பினார்கள். அந்தச் சட்டமூலம் கரைசேரவில்லை. இன்றைக்கும் "நீர்க் கட்டணம்" என்று வாயெடுத்தாலே அது போத்தல்காரனுக்கு மட்டும்தான் என்று விளக்கி முடிப்பதற்குள் கூட்டம் கலைந்துவிடும்.

கொழும்பா, பிரதேச சபையா?

சண்டை உண்மையில் இங்கேதான். ஒரு பக்கம் நீர்வளச் சபை. 1964ஆம் ஆண்டின் 29ஆம் இலக்கச் சட்டத்தில் பிறந்தது, 1999இல் திருத்தப்பட்டது. நிலத்தடி நீரைப் படித்தவர்கள், துளையிடும் இயந்திரம், பரிசோதனை முறை எல்லாம் அங்கே உண்டு. மறுபக்கம் பிரதேச சபை. 1987இன் 15ஆம் இலக்கச் சட்டம் கொடுத்த வியாபார அனுமதி அதன் கையில். படிப்பு குறைவு, ஆனால் எந்த வீட்டுக் கிணறு எப்போது வற்றியது என்பது அதன் உறுப்பினர்களுக்குத் தெரியும். கிணறு வற்றிய வீட்டுக்காரர் காலையில் அவர்களின் படலையில் நிற்பார்.

ஊர்ச்சபையின் பக்கம் பேசுகிறவர்கள் பிளாச்சிமடையைக் காட்டுவார்கள். கேரளத்தின் பாலக்காட்டில் கொக்கா கோலா ஆலை 2000இல் தொடங்கியது. 2003இல் பெருமாட்டி ஊராட்சி அனுமதியைப் புதுப்பிக்க மறுத்தது. அந்த டிசம்பரில் உயர் நீதிமன்றத்தின் தனி நீதிபதி, நிலத்தடி நீர் பொதுச்சொத்து, அரசு அதன் காவலன் மட்டுமே என்றார். 2004 மார்ச்சில் ஆலை நின்றது. கதை இதோடு முடிந்ததாகத்தான் பலர் சொல்வார்கள். 2005இல் அதே நீதிமன்றத்தின் இரு நீதிபதிகள் நாளுக்கு ஐந்து இலட்சம் லீற்றர் எடுக்கலாம் என்று தீர்ப்பை மாற்றினார்கள். ஆலை திரும்பத் திறக்காததற்குக் காரணம் ஊர்ச் சனத்தின் பிடிவாதமும் மாநில அரசு பின்னால் நின்றதும். மீண்டும் தொடங்கும் எண்ணம் இல்லை என்று கம்பனி 2017இல் உச்ச நீதிமன்றத்தில் சொல்லிவிட்டது. சட்டத்தில் ஊராட்சி முழுதாக வெல்லவில்லை, களத்தில்தான் வென்றது.

வன்னிக்கும் அப்படி ஒரு களம் தெரியும். இரணைமடுத் தண்ணீரை யாழ்ப்பாணத்துக்குக் கொண்டுபோகும் திட்டத்தைக் கிளிநொச்சிக் கமக்காரர்கள் மறுத்தார்கள். விளைவாகத் தாளையடியில் கடல்நீரை நன்னீராக்கும் ஆலை வந்தது. நாளுக்கு 24,000 கன மீற்றர், 2024இல் திறந்தார்கள். அந்த மறுப்பு சரியா பிழையா என்று யாழ்ப்பாணத்தாரிடமும் கிளிநொச்சியாரிடமும் ஒரே மேசையில் கேட்காமல் இருப்பது நல்லது.

ஆனால் ஊர்ச்சபையை மட்டும் நம்புவதில் ஒரு பெரிய ஓட்டை இருக்கிறது. 2023 மார்ச்சில் சபைகளின் காலம் முடிந்தது. தேர்தல் நடந்தது 2025 மே 6இல். இடையில் இரண்டு வருடத்துக்கு மேல் தெரிவு செய்யப்பட்ட சபையே இல்லை, செயலாளர் கையெழுத்துத்தான். வட மாகாண சபையோ 2018 ஒக்ரோபரில் காலம் முடிந்த பிறகு இன்னும் பூட்டிக் கிடக்கிறது. சம்மதம் சொல்ல வேண்டியவரே இல்லாத காலத்தில் வருகிற விண்ணப்பத்துக்கு யார் மறுப்புச் சொல்வது?

மத்திய அனுமதிப்பத்திரத்தின் பலவீனம் வேறு. அது ஓர் எண்ணை எழுதிக் கொடுக்கும். நாளுக்கு இத்தனை லீற்றர், இத்தனை வருடம். நல்ல மாரி பெய்த வருடத்தில் இறைப்புச் சோதனை செய்து எழுதிய எண், 2016-17 போல ஒரு வரட்சி வந்தாலும் தாளில் அப்படியே இருக்கும். கம்பனி சட்டத்தை மீறவே வேண்டியதில்லை. அனுமதிக்குள்ளேயே இறைத்துப் பக்கத்துக் கிணற்றை வற்றச் செய்யலாம். தமிழ்நாட்டு அனுபவம் இதைவிடச் சோர்வானது. நிலத்தடி நீருக்கென்று 2003இல் இயற்றிய சட்டம் நடைமுறைக்கே வராமல் 2013இல் நீக்கப்பட்டது.

மட்டம் பார்த்து இறைப்பது

எனக்குப் பிடித்த வழி இது. வன்னிக்குப் புதிதும் அல்ல. ஒவ்வொரு வருடமும் சிறுபோகக் கூட்டம் நடக்கிறது. அரசாங்க அதிபர் தலைமையில் நீர்ப்பாசனப் பொறியியலாளர்களும் கமக்கார அமைப்புகளும் உட்கார்ந்து, குளத்தில் எத்தனை அடி நிற்கிறது என்று பார்த்து, இந்த முறை எத்தனை ஏக்கர் என்று முடிவெடுப்பார்கள். இரணைமடு 36 அடி நிறைந்து வான் பாய்ந்த வருடம் ஒரு கணக்கு, பாதியில் நின்ற வருடம் இன்னொரு கணக்கு. யாருக்கும் நிலையான லீற்றர் கிடையாது, பங்குதான் உண்டு. சத்தம், சண்டை, வெளிநடப்பு எல்லாம் நடக்கும். ஆனாலும் தண்ணீர் இல்லாத வருடம் வயல் தரிசாகக் கிடக்கத்தான் செய்கிறது.

நிலத்தடி நீருக்கு இதையே எழுத்தில் செய்தவர்கள் இருக்கிறார்கள். அமெரிக்காவின் டெக்சாசில் எட்வர்ட்ஸ் என்ற சுண்ணக்கல் நீர்த்தேக்கம். சான் அன்ரோனியோ நகரம் பெரும்பாலும் அதில்தான் குடிக்கிறது. அங்கே ஜே-17 என்று ஓர் அளவுக்கிணறு. அதன் சராசரி நீர்மட்டம், கடல் மட்டத்துக்கு மேல் 660 அடி என்ற அளவைவிடக் கீழே இறங்கினால் அனுமதி பெற்றவர்கள் எல்லோரும் 20 வீதம் குறைக்க வேண்டும். 650க்குக் கீழே 30 வீதம், 640க்குக் கீழே 35, 630க்குக் கீழே 40. நகரசபை, கம்பனி, விவசாயி எல்லோருக்கும் இதே படிக்கட்டுத்தான். சின்ன வீட்டுக் கிணறுக்கு விலக்கு. இன்றைய மட்டம் எத்தனை என்று ஊரில் யாரும் பார்த்துக்கொள்ளலாம்.

முருங்கன் பக்கத்துச் சுண்ணக்கல்லுக்கு இதை அப்படியே பொருத்தலாம். மன்னார் நகரம் குடிப்பதும் அங்கிருந்து என்பதால் மட்டத்தைக் கவனிக்க வேண்டிய தேவை ஏற்கெனவே இருக்கிறது. வணிக அனுமதியில் ஒரு வரி சேர்த்தால் போதும்: அளவுக்கிணறு இந்த அடிக்குக் கீழே போனால் பாதி, அதற்கும் கீழே போனால் நிறுத்து. அனுமதியை நீர்வளச் சபை எழுதட்டும். மட்டத்தைப் பிரதேச சபை வாசலில் எழுதிப் போடட்டும். சபை கலைந்த காலத்திலும் கிணற்றின் மட்டம் கலையாது.

கம்பனிக்காரர் சொல்லப்போவது தெரியும். ஆவணியில் நிறுத்தினால் ஆட்களுக்கு எப்படிச் சம்பளம் கொடுப்பது, விற்பனையே வெயிலில்தானே? நியாயமான கேள்விதான். பதில்: அந்த அபாயத்தைக் கணக்கில் எடுத்துத்தான் முதல் போட வேண்டும். தண்ணீர் இல்லை என்று கூட்டம் சொன்னதும் விதைநெல்லைத் திரும்பக் கட்டி வைக்கிறவனுக்கு யாரும் சம்பளம் கொடுப்பதில்லை.

கடும்பாறைப் பக்கம்தான் சிக்கல். அங்கே ஒரு வெடிப்பில் இருக்கிற தண்ணீருக்கும் நூறு யார் தள்ளி இருக்கிற வெடிப்புக்கும் தொடர்பு இருக்கலாம், இல்லாமலும் போகலாம். ஓர் அளவுக்கிணறு வைத்து நெடுங்கேணி முழுவதையும் ஆள முடியாது. அதனால் அங்கே குளத்தையே அளவுகோலாக எடுப்பதுதான் நடக்கக்கூடியது. இந்தக் குளத்துக்குச் சிறுபோகம் இல்லை என்று கூட்டம் தீர்மானித்த வருடம், அதன் வயற்பரப்புக்குள்ளும் அலைகரையைச் சுற்றியும் இருக்கிற வணிகக் குழாய்க்கிணறுகள் மாரி மழை வரும்வரை நிற்க வேண்டும். இன்றைய நீர்ப்பாசனக் கட்டளைச் சட்டத்தின் கீழ் நடக்கும் கூட்டத்துக்கு நிலத்தடி நீரைத் தொட அதிகாரம் இல்லை. ஆனால் அந்தக் கூட்டத்தின் முடிவை நீர்வளச் சபை தன் அனுமதியில் ஒரு நிபந்தனையாக எழுதிக்கொள்ளலாம். அதற்குக் கூட்டத்தின் அதிகாரத்தைக் கூட்ட வேண்டியதில்லை. மன்னாரிலோ வவுனியாவிலோ அடுத்ததாக வருகிற போத்தல் ஆலை விண்ணப்பத்தில் இதை எழுதிப் பார்க்கலாம்.