850 ரூபாய் ஓபிடி ஸ்கேனர்: இரண்டு ஆண்டுப் பயன்பாட்டுக்குப் பிறகு

இரண்டு ஆண்டுகளுக்கு முன் இணையக் கடை ஒன்றில் 850 ரூபாய் கொடுத்து வாங்கிய ப்ளூடூத் ஓபிடி ஸ்கேனரைப் பற்றியது இந்த மதிப்புரை. ஓபிடி என்பது கார் தன் கோளாறுகளைத் தானே கண்டறிந்து பதிவு செய்யும் அமைப்பு. அளவில் தீப்பெட்டியைவிடச் சற்றுப் பெரியது. திரை, பொத்தான், பேட்டரி எதுவும் இதில் கிடையாது. காரில் செருகிக் கைபேசியுடன் இணைத்தால், என்ஜினைக் கட்டுப்படுத்தும் கணினியான இசியூ தன் நினைவில் எழுதி வைத்திருப்பதையும், அது அந்த நொடியில் அளந்துகொண்டிருப்பதையும் கைபேசித் திரையில் காட்டுகிறது. வாங்கிய பிறகு என் காரில் இரண்டு பெரிய கோளாறுகளை வீட்டு வாசலிலேயே கண்டுபிடித்திருக்கிறேன். அந்த அனுபவத்தை வைத்துத்தான் இதன் தரத்தை எடை போடுகிறேன்.

எந்தக் கார்களில் இது வேலை செய்யும் என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன். ஓபிடி-2 என்னும் பொதுத்தரத்தை அமெரிக்கா 1996ஆம் ஆண்டு மாடல் கார்களிலிருந்து கட்டாயமாக்கியது. இந்தியாவில் ஓபிடியின் முதல் கட்டம் 2010 ஏப்ரலிலும் இரண்டாம் கட்டம் 2013 ஏப்ரலிலும் நடைமுறைக்கு வந்தன. எனவே 2013க்குப் பிறகு தயாரான பெட்ரோல், டீசல் கார்களில் இதைத் தயக்கமின்றிப் பயன்படுத்தலாம். அதற்கு முந்தைய வண்டிகளில், செருகும் இடம் இருந்தாலும் இணைப்புக் கிடைக்கும் என்று உறுதி சொல்ல முடியாது. ஸ்டீயரிங்குக்குக் கீழே, ஓட்டுநரின் முழங்காலுக்கு மேலே 16 துளைகளுடன் இருக்கும் சாக்கெட்டில் இதைச் செருக வேண்டும். அதன் 16ஆம் பின்னில் பேட்டரி மின்சாரம் எப்போதும் வந்துகொண்டிருக்கும். இந்தச் செய்தி பின்னால் தேவைப்படும்.

இணைப்பது எளிது. இக்னிஷனை ஆன் செய்து, கைபேசியின் ப்ளூடூத்தில் 1234 என்ற எண்ணைக் கொடுத்துச் சேர்த்துவிட்டு, ஏதேனும் ஓபிடி செயலியைத் திறந்தால் போதும். நான் ஆண்ட்ராய்டு கைபேசியில் கார் ஸ்கேனர் என்னும் செயலியைப் பயன்படுத்துகிறேன். இலவசப் பதிப்பே என் தேவைக்குப் போதுமானதாக இருக்கிறது. ஐபோன் வைத்திருப்பவர்கள் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. இந்த வகைப் பழைய ப்ளூடூத் கருவிகளோடு ஐபோன் இணையாது. அவர்கள் வைஃபை வகையையோ ப்ளூடூத் லோ எனர்ஜி வகையையோ கேட்டு வாங்க வேண்டும்.

முதல் கோளாறு சென்ற ஆண்டு மழைக்காலத்தில் வந்தது. 2014ஆம் ஆண்டில் வாங்கிய என் பெட்ரோல் கார், சிக்னலில் நிற்கும்போது மெல்ல உதறத் தொடங்கியது. ஓடும்போது எந்தக் குறையும் தெரியவில்லை. மூன்றாம் நாள் செக் என்ஜின் விளக்கு எரிந்தது. ஒர்க்‌ஷாப் ஒன்றில் காட்டியபோது, அங்கிருந்தவர் தம் ஸ்கேனரைச் செருகிப் பார்த்து, “சார், ஆக்சிஜன் சென்சார் போயிருக்கு, மாத்திடலாம்” என்றார். சென்சாரும் கூலியும் சேர்த்து ஏழாயிரம் ரூபாய்க்கு மேல் ஆகும் என்றார். ஒரு நாள் அவகாசம் கேட்டுக்கொண்டு வண்டியை வீட்டுக்கு எடுத்து வந்து, என் கருவியைச் செருகினேன். திரையில் பி0171 என்ற குறியீடு வந்தது.

இந்தக் குறியீட்டின் பொருள் “ஆக்சிஜன் சென்சார் பழுது” என்பதன்று. என்ஜினுக்குள் செல்லும் கலவையில் காற்று மிகுந்து பெட்ரோல் குறைந்திருக்கிறது என்பதை மட்டுமே அது சொல்கிறது. அந்த நிலையைக் கண்டு இசியூவுக்குத் தெரிவிப்பதே ஆக்சிஜன் சென்சார்தான். அது தன் வேலையை ஒழுங்காகச் செய்ததால்தான் விளக்கு எரிந்தது என்றும் கொள்ளலாம். சேதி கொண்டு வந்தவனையே குற்றவாளி ஆக்கியது போன்ற இந்தப் பிழை, குறியீட்டைப் படித்தவுடன் அதில் பெயர் அடிபடும் பொருளை மாற்றிவிடும் பழக்கத்தால் வருகிறது. வண்டிக்காரர்களின் பணம் பெரும்பாலும் இப்படித்தான் வீணாகிறது என்பது என் கருத்து.

அடுத்து ஃப்ரீஸ் ஃப்ரேம் என்னும் பகுதியைத் திறந்தேன். கோளாறு பதிவான அந்தக் கணத்தில் என்ஜின் இருந்த நிலையை இசியூ அதில் எழுதி வைத்திருக்கும். என்ஜின் வெப்பம் 88 டிகிரி, வேகம் சுழியம், நிமிடத்துக்கு 760 சுற்று என்று இருந்தது. அதாவது, சூடேறிய என்ஜின் ஐடிலில், அதாவது ஆக்சிலரேட்டரை மிதிக்காமல் ஓடவிட்ட நிலையில், நின்றுகொண்டிருந்தபோதுதான் கோளாறு பதிவாகியிருக்கிறது. சிக்னலில் நான் உணர்ந்த உதறலோடு அது பொருந்தி வந்தது.

இந்தக் கருவியின் உண்மையான மதிப்பு நேரலை அளவுகளில்தான் இருக்கிறது. அவற்றுள் முதன்மையானது ஃப்யூயல் ட்ரிம். ஆக்சிஜன் சென்சார் தரும் செய்தியை வைத்து, வழக்கமான அளவைவிட எத்தனை விழுக்காடு பெட்ரோலைக் கூட்டியோ குறைத்தோ கொடுக்கிறது என்பதை இசியூ இதில் காட்டும். நொடிக்கு நொடி மாறும் குறுகிய காலத் திருத்தம் ஒன்று, நாள்பட்ட பழக்கமாகப் பதிந்த நீண்ட காலத் திருத்தம் மற்றொன்று. இரண்டையும் கூட்டிப் பார்க்க வேண்டும். நல்ல நிலையிலுள்ள என்ஜினில் அந்தக் கூட்டுத்தொகை சுழியத்தை ஒட்டி, பத்து விழுக்காட்டுக்குள் நிற்கும். என் காரில் ஐடிலில் அது 27 விழுக்காடு இருந்தது. ஆக்சிலரேட்டரை மிதித்து நிமிடத்துக்கு 2,500 சுற்றில் நிறுத்தியபோது ஆறு விழுக்காட்டுக்கு இறங்கியது.

அந்த இறக்கம்தான் விடையைக் காட்டிக்கொடுத்தது. பெட்ரோல் பம்ப் பலவீனமாகியிருந்தாலோ ஃபில்டர் அடைத்திருந்தாலோ, என்ஜின் அதிகப் பெட்ரோல் கேட்கும்போது பற்றாக்குறை கூடுமே தவிரக் குறையாது. ஐடிலில் மிகுந்தும் வேகத்தில் குறைந்தும் காணப்படும் பற்றாக்குறைக்கு வேறு காரணம் இருக்க வேண்டும். ஐடிலில், காற்று நுழையும் வழியைத் திறந்து மூடும் த்ராட்டில் ஏறக்குறைய மூடியிருப்பதால், அந்தக் காற்றைச் சிலிண்டர்களுக்குப் பிரித்துக் கொண்டுசெல்லும் குழாய்த் தொகுதியான இன்டேக் மானிஃபோல்டில் வெற்றிடம் மிகுந்திருக்கும். எங்கேனும் ஒரு கீறல் இருந்தால், சென்சார் அளக்காத வெளிக்காற்றை அது உறிஞ்சிக்கொள்ளும். த்ராட்டில் திறந்து காற்று பெருமளவில் பாயும்போது, அந்தச் சிறு கசிவு மொத்தத்தில் ஒரு பொருட்டாக இராது. இங்கே ஒன்றைக் குறிப்பிட வேண்டும். என் காரில் உள்ளே வரும் காற்றின் எடையை அளக்கும் எம்ஏஎஃப் சென்சார் இருப்பதால்தான் இந்தக் கணக்குப் பொருந்துகிறது. சிறிய கார்கள் பலவற்றில் மானிஃபோல்டின் அழுத்தத்தை அளக்கும் மேப் சென்சார் மட்டுமே இருக்கும். அவற்றில் இத்தகைய கசிவு பெரும்பாலும் ஐடில் வேகம் கூடுவதாக வெளிப்படும், ட்ரிம் அளவு இவ்வளவு ஏறாது. உங்கள் வண்டியில் எது இருக்கிறது என்பது தெரியாமல் என் எண்களை அப்படியே பொருத்திப் பார்க்க வேண்டாம்.

பானெட்டைத் திறந்து கசிவைத் தேடினேன். இப்படித் தேடும்போது வேட்டி நுனியோ துப்பட்டாவோ தொங்கக் கூடாது. என்ஜின் அணைந்திருந்தாலும் ரேடியேட்டர் விசிறி சில கார்களில் தானாகச் சுழலத் தொடங்கும் என்பதால் கையை அதனருகே கொண்டு செல்லவும் கூடாது. என்ஜினுக்குள் சேரும் வாயுவை வால்வு கவரிலிருந்து மானிஃபோல்டுக்குக் கொண்டுசெல்லும் ரப்பர் குழாயான பிசிவி ஹோஸின் வளைவில், மேலிருந்து பார்த்தால் தெரியாத அடிப்பக்கத்தில், விரல் நகம் நுழையும் அளவுக்கு ரப்பர் வெடித்திருந்தது. என்ஜினை ஓடவிட்டு அந்த வெடிப்பை விரலால் அழுத்தி மூடினேன். உதறல் நின்றது. கைபேசியில் குறுகிய காலத் திருத்தம் சில நொடிகளில் சரிந்து எதிர்மறைக்குப் போனது. சந்தேகத்தை உறுதி செய்ய இதைவிடத் தெளிவான சோதனை எனக்குத் தெரியாது. உதிரி பாகக் கடையில் புதிய ஹோஸ் 340 ரூபாய். கிளாம்பைத் தளர்த்தி மாற்றப் பத்து நிமிடம் ஆயிற்று. ஆக்சிஜன் சென்சார் இன்றும் அதே பழைய சென்சார்தான்.

இரண்டாவது கோளாறு இவ்வளவு சிக்கலானதன்று. மேட்டில் ஏறும்போது வண்டி மிஸ்ஸிங் ஆகி, அதாவது சிலிண்டர் ஒன்றில் பெட்ரோல் சரியாக எரியாமல் திணறி, செக் என்ஜின் விளக்கு விட்டு விட்டு எரிந்தது. இந்த விளக்கு நிலையாக எரிவதற்கும் மின்னுவதற்கும் பெரிய வேறுபாடு உண்டு. மின்னினால், எரியாத பெட்ரோல் சைலன்சர் பக்கம் போய், புகையைத் தூய்மைப்படுத்தும் கேட்டலிட்டிக் கன்வர்ட்டரைச் சூடேற்றிக் கெடுத்துக்கொண்டிருக்கிறது என்று பொருள். உடனே வேகத்தைக் குறைத்து ஓரங்கட்ட வேண்டும். குறியீடு பி0302, அதாவது இரண்டாம் சிலிண்டரில் மிஸ்ஸிங். என்ஜின் ஆறிய பிறகு இரண்டாம் சிலிண்டரின் ஸ்பார்க் பிளக்குக்கு மின்சாரம் தரும் இக்னிஷன் காயிலை மூன்றாவதிலும், மூன்றாவதன் காயிலை இரண்டாவதிலும் மாற்றிப் பொருத்தி, குறியீட்டை அழித்துவிட்டு ஒரு சுற்று ஓட்டிப் பார்த்தேன். இப்போது பி0303 வந்தது. கோளாறு காயிலோடு சேர்ந்து இடம் மாறியதால் குற்றம் காயிலினுடையது என்பது உறுதியாயிற்று. மாறாமல் இரண்டிலேயே நின்றிருந்தால், அடுத்து ஸ்பார்க் பிளக்கை இதே முறையில் மாற்றிப் பார்த்திருப்பேன். நான்கு காயிலையும் மாற்றும் செலவு இல்லாமல் ஒன்றோடு முடிந்தது.

செயலியில் குறியீட்டை அழிக்கும் பொத்தானைப் பற்றித் தனியே சொல்ல வேண்டும். புதிதாக வாங்கியவர்கள் பலர் விளக்கு அணைந்தால் போதும் என்று முதலில் அதைத்தான் அழுத்துகிறார்கள். அழுத்தியவுடன் குறியீட்டோடு ஃப்ரீஸ் ஃப்ரேமும் போய்விடும். கோளாறு எப்போது, எந்த நிலையில் நிகழ்ந்தது என்பதற்கான ஒரே சான்றும் அழிந்துவிடும். எனவே முதலில் எல்லாத் திரைகளையும் படம் பிடித்துக்கொள்ளுங்கள். அழிப்பது, பழுதை நீக்கிய பிறகு செய்ய வேண்டிய கடைசி வேலை.

அழித்தவுடன் இன்னொன்றும் நிகழ்கிறது. புகை தொடர்பான பாகங்களை இசியூ தானாகச் சோதித்து முடித்ததற்கான அடையாளங்களும் சேர்ந்து அழிகின்றன. செயலியில் இவை ரெடினஸ் மானிட்டர்கள் என்று இருக்கும். அவை மீண்டும் நிறைவடையச் சில நாள் ஓட்டம் தேவைப்படலாம். பழைய கார் வாங்கப் போகிறவர்களுக்கு இது கைகொடுக்கும். விற்பவர் காட்டும் வண்டியில் விளக்கு எரியாமலும் குறியீடு எதுவும் இல்லாமலும் இருந்து, மானிட்டர்கள் பலவும் “நிறைவடையவில்லை” என்று காட்டினால், அண்மையில் யாரோ குறியீடுகளை அழித்திருக்கிறார்கள், அல்லது பேட்டரியைக் கழற்றியிருக்கிறார்கள். விளக்கம் கேளுங்கள், திருப்தி இல்லையென்றால் ஒரு வாரம் கழித்து மீண்டும் பாருங்கள். என் மைத்துனருக்குக் கார் பார்க்கப் போனபோது இதை வைத்து ஒரு வண்டியைத் தவிர்த்தோம்.

குறைகளுக்கு வருகிறேன். இந்த விலையில் விற்கும் கருவிகள் ஏறக்குறைய எல்லாமே இஎல்எம்327 என்னும் சிப்பின் நகல்கள். அந்த சிப்பை உருவாக்கிய கனடா நாட்டு நிறுவனமான எல்ம் எலக்ட்ரானிக்ஸ் 2022இல் தன் தொழிலை மூடிவிட்டது. முதல் பதிப்புக்கு நகல் தடுப்பு இல்லாததால் பரவிய நகல்கள், மேலே ஒட்டியிருக்கும் பதிப்பு எண்ணுக்கும் உள்ளே இருக்கும் திறனுக்கும் தொடர்பில்லாமல் இன்றுவரை விற்பனையாகின்றன. சில நகல்கள் சில கட்டளைகளுக்குப் பதிலே தருவதில்லை. ஆகவே திருப்பி எடுத்துக்கொள்ளும் வசதியுள்ள கடையில் வாங்கி, வந்த அன்றே உங்கள் காரில் செருகி, குறியீடு, ஃப்ரீஸ் ஃப்ரேம், நேரலை அளவுகள் மூன்றும் வருகின்றனவா என்று சோதித்துவிடுங்கள். எனக்கு முதலில் வந்த கருவி ப்ளூடூத்தில் இணைந்தும் காருடன் பேசவில்லை. திருப்பி அனுப்பி வாங்கிய இரண்டாவதைத்தான் இப்போது பயன்படுத்துகிறேன்.

ஏபிஎஸ், ஏர்பேக் ஆகியவற்றின் கோளாறுகளை இந்தக் கருவியும் பொதுச் செயலியும் பெரும்பாலும் படிப்பதில்லை. சட்டம் கட்டாயமாக்கியிருப்பது புகை தொடர்பான தகவலை மட்டுமே என்பதால், மற்றவற்றை ஒவ்வொரு தயாரிப்பாளரும் தம் விருப்பப்படி அமைத்திருக்கிறார்கள். பிரேக் தொடர்பான விளக்கு எரிந்தால் இதை நம்பிக் காத்திராமல் ஒர்க்‌ஷாப்புக்குச் செல்லுங்கள். கே-லைன் என்னும் மெதுவான பழைய தகவல் இணைப்பு வழியாகப் பேசும் பழைய கார்களில் எண்கள் மிக மெதுவாகவே மாறும். ஒரே நேரத்தில் நான்கைந்து அளவுகளுக்கு மேல் கேட்டால் பயன் இல்லை.

கருவியைச் செருகியபடியே விட்டுவிடுவது பெரிய தவறு. சாக்கெட்டில் மின்சாரம் எப்போதும் இருப்பதால், வண்டி நின்றிருக்கும்போதும் இது சிறிது சிறிதாகப் பேட்டரியை உறிஞ்சும். ஊருக்குப் போய்ப் பன்னிரண்டு நாள் கழித்துத் திரும்பியபோது, ஏற்கெனவே வயதான என் பேட்டரி ஸ்டார்ட்டரைச் சுற்ற முடியாமல் கிடந்தது. எல்லாக் கருவிகளுக்கும் ஒரே கடவு எண் என்பதால், அருகில் இருப்பவர் எவரும் எளிதில் இணைந்துவிடலாம் என்பதையும் நினைவில் வைக்க வேண்டும். அன்றிலிருந்து வேலை முடிந்ததும் கழற்றி டாஷ்போர்டு அறைக்குள் வைத்துவிடுகிறேன்.

மாதம் ஒருமுறை, சூடேறிய என்ஜினில் மூன்று எண்களை ஒரு குறிப்பேட்டில் எழுதி வருகிறேன்: ஐடிலில் ட்ரிம் கூட்டுத்தொகை, கூலன்ட் வெப்பம், என்ஜின் ஓடும்போது பேட்டரி மின்னழுத்தம். இம்மாதம் அவை முறையே 3 விழுக்காடு, 91 டிகிரி, 14.1 வோல்ட். பழுது வந்த பிறகு ஓடிப்போய்ப் பார்ப்பதைவிட, வண்டி நன்றாக இருக்கும்போதே அதன் இயல்பான எண்களைத் தெரிந்து வைத்திருப்பது பின்னால் ஒப்பிட உதவும். அந்தக் குறிப்பேட்டைக் காட்டியபோது, நான் இப்போது செல்லும் மெக்கானிக் அதை வாங்கி முழுவதும் படித்துவிட்டு, “இதையும் வண்டிலயே வைங்க சார், சர்வீசுக்கு வரும்போது எனக்கும் ஆகும்” என்றார்.