இன்ஃபெர்னல் 1.1: ஆர்.என்.ஏ.வை அதன் மடிப்பைக் கொண்டு தேடும் மென்பொருள்

புதிதாக வரிசைப்படுத்தப்பட்ட ஒரு மரபணுத்தொகையில் புரதக் குறியீடற்ற (புரதமாக மாற்றப்படாமல் தாமே பணிபுரியும்) ஆர்.என்.ஏ.க்களைத் தேட முற்படுவோர் பலரும் முதலில், எழுத்து வரிசைகளை ஒப்பிடும் பிளாஸ்ட் என்னும் கருவியையே நாடுகின்றனர். நெருங்கிய இனங்களுக்கு அது உதவும். தொலைதூர உறவுகளில் கைவிட்டுவிடும். பல ஆர்.என்.ஏ.க்களின் பணி அவை மடியும் விதத்தைப் பொறுத்திருப்பதால், பரிணாமப் போக்கில் எழுத்துகள் (குவானின், அடினின் முதலிய காரங்கள்) மாறினாலும் மடிப்பு நிலைத்திருக்கிறது. மடிப்பில் இரு பக்கங்கள் இணைந்து உருவாகும் தண்டுப் பகுதியின் ஒரு பக்கத்தில் குவானின் அடினினாக மாறும்போது எதிர்ப்பக்கத்துச் சைட்டோசினும் யுராசிலாக மாறிவிட்டால் இணை முறிவதில்லை. ஆனால், எழுத்துகளை மட்டும் ஒப்பிடும் கருவி இதை இரண்டு பொருத்தமின்மைகளாகவே எண்ணும். இன்ஃபெர்னல் அவ்விரண்டையும் ஒரே இணையாக மதிப்பிடுகிறது. அதன் முழுப் பெருமையும் இதில்தான் இருக்கிறது.

ஆய்வாளர்கள் ஷான் எடியும் ரிச்சர்ட் டர்பினும் 1994இல் முன்வைத்த, இவ்வாறு சேர்ந்து மாறும் இணைகளைக் கணக்கில் கொள்ளும் இணைமாற்ற மாதிரியே இதன் அடிப்படை. கணக்கீட்டுச் சுமை நெடுங்காலம் இதற்குத் தடையாக இருந்தது. எரிக் நவ்ராக்கியும் எடியும் 2013இல் விவரித்த 1.1 பதிப்பு, விரைவான வடிகட்டிகளைக் கொண்டு முந்தைய பதிப்பைவிட ஏறத்தாழ 100 மடங்கு வேகம் பெற்றது.

ஆர்.என்.ஏ. குடும்பங்களைத் தொகுத்துள்ள ஆர்ஃபாம் தரவுத்தளத்தின் மாதிரிகளைத் தரவிறக்கி, இன்ஃபெர்னலின் சிஎம்-ஸ்கேன் நிரலை இயக்குவதே பெரும்பாலானோருக்குப் போதுமானது. முடிவு அட்டவணையில் ஈ-மதிப்பை (இத்தகைய பொருத்தங்கள் தற்செயலாக எத்தனை கிடைக்கக்கூடும் என்ற மதிப்பீட்டை) மட்டும் பார்த்து நகர்ந்துவிடாமல், அதனருகே உள்ள குறியையும் கவனிக்க வேண்டும்: இயல்பான அமைப்பில் 0.01 வரையிலானவை வியப்புக்குறியும், அதற்கு மேல் 10 வரையிலானவை கேள்விக்குறியும் பெறுகின்றன. கேள்விக்குறி பெற்றவற்றை அப்படியே கட்டுரையில் சேர்ப்பது பொறுப்பற்ற செயல். ஒவ்வொரு குடும்பத்துக்கும் ஆர்ஃபாம் வல்லுநர்கள் தனித்தனியே வகுத்துள்ள வரம்பைப் பயன்படுத்துவதையே நான் பரிந்துரைப்பேன்.

சொந்தக் குடும்பம் ஒன்றை உருவாக்க விரும்புவோர், இரண்டாம்நிலை அமைப்பு (எந்த எழுத்து எதனுடன் இணைகிறது என்பது) குறிக்கப்பட்ட, ஒத்த வரிசைகளை அடுக்கிய பல்வரிசை ஒப்பீட்டைத் தாமே தர வேண்டும். அது தரமற்றதாயின் மாதிரியும் தரமற்றதே. ஈ-மதிப்புகளுக்கான அளவீட்டுப் படி மிக மெதுவானது. நீளமான மாதிரியைச் சாதாரண மடிக்கணினியில் அளவிடப் பொறுமை தேவை. வரைகலை இடைமுகம் இல்லை.

ஒன்றையொன்று குறுக்கிடும் இணைகளான போலிமுடிச்சுகளை இம்மாதிரியால் குறிக்க இயலாது என்பதே எனக்குப் பெருங்குறையாகப் படுகிறது. நீண்ட குறியீடற்ற ஆர்.என்.ஏ.க்களிலும் எச்சரிக்கை தேவை. ஆர்-ஸ்கேப் என்னும் புள்ளியியல் கருவியைக் கொண்டு 2017இல் ஆராய்ந்தபோது, ஹாட்டேர் போன்றவற்றில் பேணப்பட்ட அமைப்புக்கு இணைமாற்றச் சான்று கிடைக்கவில்லை. பேணப்பட்ட மடிப்பு இல்லாத இடத்தில் இன்ஃபெர்னலின் தனிவலிமைக்கு வேலையில்லை.

மென்பொருள் இலவசம், மூலநிரலும் திறந்தது. கையேடு மிகுந்த அக்கறையுடன் எழுதப்பட்டுள்ளது, ஐந்து டி.ஆர்.என்.ஏ. வரிசைகளைக் கொண்ட அதன் பயிற்சியை முடித்த பிறகே சொந்தத் தரவில் கைவைப்பது நல்லது.